சாக்லேட் பெட்டிக்கும் தைல லேபிளுக்கும் வீட்டுக் கட்டிங் மெஷின்: எதற்கு முதலில் செலவழிப்பது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கோத்தகிரியில் வீட்டில் சாக்லேட் செய்து விற்கிறீர்கள். கூடவே தேயிலைப் பாக்கெட்டும் நீலகிரித் தைலமும். பரிசுப் பெட்டி, பாட்டில் லேபிள், சீசனில் வருகிறவர்களுக்கு டீ-ஷர்ட் என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே வெட்டிக்கொள்ள ஒரு கட்டிங் மெஷின் வாங்க நினைக்கிறீர்கள். கிரிகட் நிறுவனத்து மெஷின் நல்லதா, சில்லவுட் நிறுவனத்து மெஷின் நல்லதா, முப்பது நாற்பது சாமானோடு விற்கிற டூல் கிட் வேண்டுமா, அமெரிக்காவிலிருந்து வரும் அண்ணனிடம் சொல்லிவிடலாமா என்பது கேள்வி. இதற்குள் இருக்கும் கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது: கையில் இருக்கும் பணத்தில் எதற்கு முதலில் செலவழித்தால் வெட்டு சுத்தமாக வரும், எதை வாங்கினால் பரணுக்குப் போகும்?

நான் குன்னூரில் பல வருடம் ஸ்டிக்கர் கடை நடத்தியவன். நம்பர் பிளேட், ஜீப் கண்ணாடி, கடை போர்டு என்று வினைல் (முதுகில் பசையுள்ள ஸ்டிக்கர் பிளாஸ்டிக் தாள்) வெட்டும் கட்டர் காலையிலிருந்து இரவு வரை ஓடும். பிறகு வீட்டில் சின்ன மெஷின் வாங்கி, கல்யாணக் கார்டு, பெட்டி, காகித வேலை என்று அந்தப் பக்கமும் பழகினேன். அதனால் பிளேடு, வினைல், காகிதம், இந்த மலை ஈரம் இந்த நான்கைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியும். துணி வேலையில் டீ-ஷர்ட்டுக்கு மேல் என் அனுபவம் போகாது. குவில்டிங், லெதர் போன்றவற்றுக்கு அந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

முதலில் இந்த மெஷின் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். அதற்குள் ஒரு சின்ன கத்தி முனை இருக்கிறது. அது பொருளின் மேல் அழுந்தி இழுபடுகிறது, அவ்வளவுதான். முனை தண்டின் நடுவில் இல்லாமல் ஒரு முடியளவு, வழக்கமாக கால் மில்லிமீட்டர், விலகியிருக்கும். ஆபீஸ் நாற்காலியின் சக்கரம் தள்ளும் பக்கம் தானே திரும்பிக்கொள்வதுபோல இதுவும் போகும் பக்கம் திரும்பிக்கொள்ளும். மூலைகளில் அது திரும்ப இடம் வேண்டும். அதனால்தான் ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்த எழுத்துகள் பிய்ந்துவரும். இழுத்து வெட்டுவது என்பதால் காகிதம், வினைல், மெல்லிய அட்டை வரை நன்றாக வரும். அக்ரிலிக் வெட்டாது. பிளைவுட் வெட்டாது. கேக் மேல் குத்தும் அக்ரிலிக் பெயர்ப்பலகை வேண்டுமானால் லேசர் கடைக்குத்தான் போக வேண்டும். கடைக்காரர் வேறு சொன்னாலும் நம்ப வேண்டாம்.

உங்கள் பட்டியலில் இருப்பவை பெட்டி, லேபிள், டீ-ஷர்ட் மூன்றும்தான். இவற்றுக்கு 12 அங்குல அகலம் வெட்டும் சாதாரண மெஷின் போதும். கிரிகட்டில் எக்ஸ்ப்ளோர், சில்லவுட்டில் கேமியோ. கிரிகட் மேக்கர் எக்ஸ்ப்ளோரைவிடப் பத்து மடங்கு அழுத்தம் தரும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது, அதாவது 4 கிலோ வரை. அந்த அழுத்தம் 2.4 மில்லிமீட்டர் வரை கனமுள்ள பால்சா மரத்துக்கும், முதுகில் எதுவும் ஒட்டாத துணிக்கும் வேண்டும். சாக்லேட் பெட்டிக்கு வேண்டாம். மேக்கரில் மட்டும் பொருந்தும் நைஃப் பிளேடும் ரோட்டரி பிளேடும் தனி விலை. ஒரு பால்சா துண்டை வெட்ட அது பல சுற்று ஓடும், நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஜாய் என்ற குட்டி மாடல் நான்கரை அங்குலம்தான் வெட்டும். லேபிளுக்குச் சரி, பெட்டிக்கு உதவாது. பிரதர் ஸ்கேன்-என்-கட்டில் ஸ்கேனர் உள்ளேயே இருக்கிறது, கையால் வரைந்ததை அப்படியே வெட்டலாம். நீங்களே வரைகிறவர் என்றால் அதை தினமும் பயன்படுத்தும் ஒருவரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

எக்ஸ்ப்ளோரா கேமியோவா என்பதை நான் இணைய இணைப்பை வைத்து முடிவு செய்வேன். கிரிகட்டின் மென்பொருளான டிசைன் ஸ்பேஸில் பெரும்பாலான வேலைக்கு இணையம் வேண்டும். 2021 மார்ச்சில் இலவசமாகப் பயன்படுத்துகிறவர்கள் மாதம் 20 டிசைன்தான் ஏற்றலாம் என்று அறிவித்தார்கள். வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகு அதைக் கைவிட்டார்கள். இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் மெஷின் உங்களுடையது, சாவி அவர்களுடையது என்ற நிலை மாறவில்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து இரண்டு நாள் நெட் வராத ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. சில்லவுட்டின் ஸ்டுடியோ மென்பொருள் நெட் இல்லாமலே ஓடும். ஆனால் அதன் இலவசப் பதிப்பு எஸ்விஜி என்ற வரைபடக் கோப்பைத் திறக்காது, அதற்குக் காசு கட்டிய பதிப்பு வேண்டும், டிஎக்ஸ்எஃப் என்ற இன்னொரு வகைக் கோப்பைத் திறக்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு கிரிகட் எளிது. கணினியில் ஓரளவு கை பழகியவர் என்றால் கேமியோ. இன்னொன்று, சில்லவுட் மெஷின்கள் ஜப்பானின் கிராஃப்டெக் நிறுவனத்தின் வழி வந்தவை. ஸ்டிக்கர் கடைகளில் ஓடும் பெரிய கட்டர்களும் அவர்களுடையவை உண்டு, அந்தப் பழக்கத்தில் எனக்குக் கேமியோ மேல் கொஞ்சம் சாய்வு இருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் தமிழ் எழுத்து தகராறு செய்யும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். அதைவிட அடிக்கடி நடப்பது, எழுத்தும் அதன் துணைக்குறியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் மெஷின் குறுக்கே வெட்டிவிடும்; "கு"வின் வால் தனித் துண்டாகக் கையில் வரும். இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் எழுதி, எழுத்தைப் பாதையாக மாற்றி, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிட்டு ஏற்றுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியைக் குறைந்தது இரண்டு மில்லிமீட்டருக்காவது பெரிதாக்குங்கள். இல்லாவிட்டால் வேண்டாத வினைலை உரிக்கும்போது புள்ளியும் கூடவே போய்விடும், "சாக்லேட்" என்பது "சாகலேட" ஆகி நிற்கும்.

அண்ணனிடம் சொல்லலாமா? மெஷினுக்குச் சொல்லலாம். அதன் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் நம் கரன்ட்டில் பிளக்கை மட்டும் மாற்றி ஓட்டலாம். வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று மட்டும் வாங்குவதற்கு முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். டீ-ஷர்ட்டில் வினைலைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் ஹீட் பிரஸ்ஸை அங்கிருந்து வாங்கிவரவே கூடாது. கிரிகட்டின் ஹீட் பிரஸ்ஸான ஈஸிபிரஸ்ஸின் அமெரிக்க மாடல் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் சொருகினால் எரிந்துவிடும், ஆளுக்கும் ஆபத்து. வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாமே என்றால், ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் சாமானுக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மர் தூக்க முடியாத கனமும் விலையுமாக இருக்கும். அண்ணனின் பயணப் பெட்டியில் அந்த இடத்தில் நல்ல பிளேடுகளும், வெட்டும் தாளை ஒட்டிப் பிடிக்கும் மேட்டுகளும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பிளேடுக்கு வருவோம். கடைகளில் 30, 45, 60 டிகிரி என்று விற்பார்கள். மெல்லிய படலத்துக்கு 30, சாதாரண வினைலுக்கும் காகிதத்துக்கும் 45, கனமானதற்கு 60. கிரிகட்டில் கூடவே வரும் ஃபைன் பாயின்ட் பிளேடு 45 டிகிரி. கறுப்புக் கூட்டில் (பிளேடைப் பிடிக்கும் உறையில்) வரும் டீப் பாயின்ட் 60 டிகிரி, ஒன்றரை மில்லிமீட்டர் வரை. உங்களுக்கு முதல் வருடம் ஃபைன் பாயின்ட் மட்டும் போதும். ஆனால் ஒன்றுக்கு மூன்றாக வாங்குங்கள்: காகிதத்துக்கு ஒன்று, வினைலுக்கு ஒன்று, ஒன்று கையிருப்பு. காகிதத்தில் சேர்க்கும் வெள்ளைப் பொடி பிளேடின் கூர்மையை மெதுவாகத் தின்றுவிடும். அதே பிளேடை வினைலுக்குப் போட்டால் மூலை தூக்கிக்கொள்ளும். எதற்கு எது என்று கூட்டின் மேல் பெர்மனன்ட் மார்க்கரில் எழுதிவையுங்கள். விலை மலிவான நகல் பிளேடுகளில் ஒன்று நன்றாகவும் அடுத்தது மோசமாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பழகிய பின் அவற்றை முயலலாம். பழகும்போது வேண்டாம், ஏனென்றால் தப்பு பிளேடிலா உங்கள் செட்டிங்கிலா என்று பிரித்தறிய முடியாது.

பிளேடு சரியாக இறங்குகிறதா என்று பார்க்க ஒரு வழி. ஒரு சென்டிமீட்டர் சதுரமும் அதற்குள் ஒரு முக்கோணமும் வெட்டச் சொல்லுங்கள். வினைல் என்றால் முக்கோணம் தனியாக உரிந்து வர வேண்டும், சதுரம் பின்தாளிலேயே நிற்க வேண்டும். பின்தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கத்தி போன இடத்தில் லேசான கீறல் தெரிந்தால் சரி. விரல் நகத்தில் பள்ளம் தட்டினால் அழுத்தம் அதிகம். கீறலே இல்லை என்றால் குறைவு. சாதாரண வினைல் 0.07, 0.08 மில்லிமீட்டர் கனம்தான். அதனால் கத்தி கூட்டுக்கு வெளியே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். செட்டிங்கில் "கார்ட்ஸ்டாக்" (கனமான தாள்) என்று எழுதியிருப்பதை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் தாளை மனதில் வைத்து அவர்கள் அந்த எண்ணைப் போடவில்லை. ஒவ்வொரு புதுக் கட்டுத் தாளுக்கும் ஒரு சோதனை வெட்டு, அப்புறம் அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

அலுமினியத் தாளை உருட்டி அதில் பிளேடைக் குத்தினால் கூராகும் என்று பலர் சொல்கிறார்கள். முனையில் ஒட்டிய காகிதத் தும்பும் பசையும் போகும், அது நிச்சயம். கூராகும் என்பதை நான் நம்பவில்லை. சுத்தம் செய்ததால் வெட்டு தேறிவிடுகிறது, அதைக் கூராகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

இனி காகிதம். உங்கள் வேலையில் பணம் போக வேண்டிய இடம் இதுதான். சாக்லேட் பெட்டிக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) வேண்டும். சின்னப் பெட்டிக்கு 220 கூட நிற்கும். கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை மூன்று. முதலில், தாளைக் கிழித்து நடுவைப் பாருங்கள். மேலே நிறமும் நடுவில் வெள்ளையுமாக இருந்தால் வெட்டிய ஓரமும் மடிப்பும் வெளுத்துத் தெரியும். உள்வரை ஒரே நிறமாக இருப்பதைத் தேடுங்கள். அடுத்தது இழை ஓட்டம். ஒரு துண்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் நேராகக் கிழியும், மறு பக்கம் கோணும். நேராகக் கிழியும் திசையில்தான் இழை ஓடுகிறது. பெட்டியின் நீண்ட மடிப்புகள் அந்தத் திசையோடு போனால் மடிப்பு வெடிக்காது. குறுக்கே மடித்தால் 300 ஜிஎஸ்எம் தாள் முதுகில் வெடித்து வெள்ளையாகப் பிளக்கும், எவ்வளவு நல்ல மெஷின் வைத்திருந்தாலும் சரி. மூன்றாவது, மறுசுழற்சிப் பழுப்பு அட்டை. பார்க்க அழகு, தேயிலைக்கும் பொருத்தம். ஆனால் அதில் இழை குட்டையாகவும் இடையிடையே மண்துகளும் இருக்கும். பிளேடு சீக்கிரம் மழுங்கும், ஓரம் பஞ்சு பஞ்சாக நிற்கும். புது மரக்கூழில் செய்த கிராஃப்ட் தாளைக் கேட்டு வாங்குங்கள். மினுமினுப்புத் தாள் எந்தப் பிளேடுக்கும் எமன். அதற்குப் பழைய பிளேடைப் போட்டு, மெதுவாக, இரண்டு முறை வெட்டுங்கள்.

பாண்டிச்சேரிப் பக்கத்துக் கைத்தாள்கள் மீது பலருக்கு ஆசை. பருத்தி இழை நீளமானது என்பதால் கத்தி வெட்டுவதற்குப் பதில் இழுத்துக்கொண்டு போகும். பெரிய வடிவங்களுக்கு வரும், பின்னல் போன்ற நுண்ணிய வேலைக்கு வராது. அதைப் பெட்டியின் மேல் சுற்றும் பட்டையாக வைத்துக்கொண்டால் அழகும் கெடாது, பிளேடும் பிழைக்கும்.

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ ஸ்டேஷனரி கடையில் ஏ4 பாக்கெட்டாக வாங்கினால் விலை கட்டாது. கோயம்புத்தூரில் பேப்பர் மொத்தக் கடையில் பெரிய தாளாக வாங்குங்கள். சென்னை என்றால் ஆண்டர்சன் தெரு. 25×36 அங்குலத் தாளில் 12×12 துண்டு ஆறு வரும். பக்கத்திலிருக்கும் அச்சகத்தில் கொடுத்தால் அடுக்கோடு நேராக நறுக்கித் தருவார்கள். நறுக்கும் முன்பே இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஓர் ஓரத்தில் பென்சில் அம்பு போட்டுவிடுங்கள். சதுரமான பிறகு அது தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சமவெளியில் இருந்து வீடியோ போடுகிறவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. காகிதம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் இழைக்குக் குறுக்கே உப்பும், நெளியும். மேட்டில் ஒட்டினாலும் ஓரம் தூக்கிக்கொள்ளும், கத்தி அந்த ஓரத்தில் மாட்டி இழுத்துக் கிழிக்கும். ஈரம் பட்ட இழை மெத்தென்று இருப்பதால் வெட்டும் கூர்மையாக வராது. கூடலூர்ப் பக்கம் இந்தத் தொல்லை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. உங்கள் தீபாவளி, கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் எல்லாம் சரியாக அந்த மாதங்களில் விழுகின்றன. நேற்று நன்றாக வந்த செட்டிங் இன்று கிழிக்கிறது என்றால் பிளேடை மாற்றுவதற்கு முன் தாளைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று, தட்டினால் சத்தம் வராமல் இருந்தால் காரணம் அதுதான்.

இதற்குச் செலவு குறைவு. ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பெரிய டப்பா ஒன்று. அதற்குள் சிலிக்கா ஜெல். ஓர் ஈரப்பத மானி. டப்பாவுக்குள் ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருந்தால் தாள் தட்டையாக இருக்கும். நீல நிறச் சிலிக்கா ஜெல்லில் கோபால்ட் குளோரைடு சேர்ந்திருக்கும், அது நல்லதல்ல. சாக்லேட் செய்யும் வீட்டில் ஆரஞ்சு நிறத்தையே வாங்குங்கள், அதையும் சமையல் பக்கம் கொண்டுபோக வேண்டாம். பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடும் பழக்கம் காகிதத்துக்கு வேண்டாம், தீப்பிடிக்கும் பயம் உண்டு. அன்றைக்கு வெட்டப்போகும் தாளை மட்டும் எடுத்து உடனே டப்பாவை மூடுங்கள். பிரிண்ட் செய்து பிறகு ஓரம் வெட்டும் ஸ்டிக்கருக்கு இது இன்னும் முக்கியம். காலையில் அச்சடித்த தாளை மாலை மூடுபனியில் வெட்டினால் தாள் வளர்ந்திருக்கும், கோடு விலகி விழும். அச்சு காய்ந்தவுடன் வெட்டிவிடுங்கள்.

மேட் என்கிற ஒட்டும் தட்டில் கிரிகட்டுக்கு நான்கு நிறம்: நீலம் லேசான பிடி, பச்சை நடுத்தரம், ஊதா அழுத்தமான பிடி, இளஞ்சிவப்பு துணிக்கு. நீங்கள் நீலம் ஒன்றும் பச்சை இரண்டும் வாங்குங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் பசை இறுகிப்போய் புது மேட்டே பிடிக்காததுபோல இருக்கும். வெயில் விழும் ஜன்னலோரம் பத்து நிமிடம் வைத்தால் திரும்பிவிடும். அடுப்பு, ஹீட்டர் பக்கம் வேண்டாம், வளைந்துவிடும். வெட்டியதும் தாளை மேட்டிலிருந்து உரிக்காதீர்கள், சுருண்டுவிடும். மேட்டைக் கவிழ்த்து, தாளை மேஜையோடு அழுத்திக்கொண்டு, மேட்டை மேலே வளைத்து எடுங்கள். அழுக்கானால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுக் கையால் தடவிக் கழுவி, தானே காயவிடுங்கள். தேய்ந்த மேட்டில் பசை ஸ்ப்ரே அடித்துப் புதுப்பிக்கலாம் என்பது சிலருக்கு ஒத்துவருகிறது, சிலருக்குத் தாளோடு ஒட்டிக்கொண்டு கிழிகிறது. வாங்கிய மேட் நன்றாக இருக்கும்வரை அதில் இறங்க வேண்டாம். நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப் போட்டுத் தாளைப் பிடித்தால் பழைய மேட்டே இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும்.

டூல் கிட்டில் உங்களுக்கு வேண்டியவை வினைல் கிள்ளும் கொக்கி, முனை வளைந்த நல்ல சாமணம், தேய்க்கும் பட்டை, ஸ்டீல் ஸ்கேல் மட்டும். மடிப்புக் கோடு போட எக்ஸ்ப்ளோரில் ஸ்கோரிங் ஸ்டைலஸ் தனியாக வாங்குங்கள். பெட்டி செய்கிறவர் இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. கொக்கிக்குப் பதில் தையல் ஊசியை மரக்குச்சியில் செருகிக்கொள்ளலாம், தேய்க்கக் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். மீதி முப்பது சாமானும் பெட்டியை நிரப்பத்தான்.

லேபிளுக்கு வினைல் வாங்கும்போது இரண்டு வகை இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று நிரந்தரமாக ஒட்டுவது, மற்றது பிறகு உரித்தெடுக்கக்கூடியது. ஓராஃபோல் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் 651 முதல் வகை, பளபளப்பானது, வெளியில் வைக்கலாம். 631 இரண்டாவது, மங்கலானது, வீட்டுச் சுவருக்கு. பாட்டிலுக்கு 651 அல்லது அதற்குச் சமமானது. குளிர்ந்த கண்ணாடியில் எந்த வினைலும் பிடிக்காது. பத்து டிகிரிக்குக் கீழே ஒட்டவே ஒட்டாதீர்கள். பாட்டிலை அறைக்குள் வைத்து, மேலே ஈரம் பூத்திருந்தால் துடைத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் மறுபடி துடைத்துக் காய்ந்த பின் ஒட்டுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாக்லேட் ஜாடிக்கும் இதே விதி.

தைலப் பாட்டிலில் தனிச் சிக்கல் இருக்கிறது. நீலகிரித் தைலம் ஸ்டிக்கர் பசையைக் கரைக்கும். கண்ணாடியில் பழைய ஸ்டிக்கர் கறையை எடுக்க எங்கள் கடையில் அதைத்தான் வைத்திருந்தோம். மூடி லேசாகக் கசிந்து ஒரு சொட்டு கழுத்தில் வழிந்தால் லேபிளின் மேல் விளிம்பு நழுவ ஆரம்பிக்கும், காகித லேபிள் என்றால் எண்ணெய்க் கறை பரவி மை கலங்கும். நிரப்பி, மூடி, துடைத்த பிறகே லேபிள் ஒட்டுங்கள். பாட்டிலின் தோளிலிருந்து ஒரு விரல் கீழே ஒட்டுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 300 ஜிஎஸ்எம் தாளில் ஒரு தொங்கு அட்டை வெட்டி, சணல் கயிற்றில் கழுத்தில் கட்டிவிடுவேன். மெஷினுக்கு மிக எளிய வேலை அது, பார்க்கவும் நன்றாக இருக்கும். பெயரும் சட்டப்படி இருக்க வேண்டிய விவரமும் மட்டும் பாட்டிலில்.

சாக்லேட் லேபிளில் சேர்மானம், நிகர எடை, தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். அந்தப் பொடி எழுத்தை வெட்ட முயலாதீர்கள், அச்சடியுங்கள். கட்டிங் மெஷின் கடைப் பெயருக்கும் வடிவத்துக்கும் மட்டும். வினைலோ, நிறத் தாளோ, மினுமினுப்போ சாக்லேட்டை நேரடியாகத் தொடக் கூடாது. இடையில் உணவுக்கான பட்டர் பேப்பர் வேண்டும். பெட்டியில் பிளாஸ்டிக் ஜன்னல் வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை, நீலகிரியில் அதற்கு முன்பிருந்தே கெடுபிடி. மூடியில் ஜாலி வேலை வெட்டுங்கள், உள்ளிருக்கும் உறையின் நிறம் தெரியும். தேயிலை மணத்தை இழுத்துக்கொள்ளும் பொருள் என்பதால் புது வினைலும் பசையும் மணக்கும் உறைகளை ஒரு நாள் காற்றாடவிட்டுப் பிறகு தேயிலையை நிரப்புங்கள்.

டீ-ஷர்ட்டுக்கு வெப்பத்தில் ஒட்டும் தனி வினைல். பளபளப்பான தாங்குதாள் பக்கம் மேட்டில் கீழே இருக்க வேண்டும், வடிவத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டு வெட்ட வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு 150 டிகிரியை ஒட்டி, 10 முதல் 15 வினாடி. சரியான எண் அந்தந்த ரோலோடு வரும். இங்கே பருத்தித் துணி எப்போதும் சற்று ஈரமாகத்தான் இருக்கும். முதலில் வெறும் துணியை ஐந்தாறு வினாடி அழுத்தி ஆவியை விரட்டாவிட்டால் மூன்றாம் துவைப்பில் ஓரம் உரியும். பத்து இருபது ஷர்ட் விற்றுப் பார்க்கும்வரை வீட்டு இஸ்திரிப் பெட்டியே போதும்: நீராவி கூடாது, மெத்தென்ற இஸ்திரி மேஜை கூடாது, கட்டையான மேஜையில் உடம்பு எடையைப் போட்டு அழுத்துங்கள்.

எந்த டிசைன் போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தோடர் பூத்தையலின் சிவப்பு-கறுப்பு வடிவங்களை வினைலில் வெட்டி "தோடர் டிசைன்" என்று விற்கத் தோன்றும், மெஷினுக்கும் அது சுலபம். அந்தக் கைவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதை ஊசியில் தைத்துப் பிழைக்கும் பெண்கள் உங்கள் பக்கத்து மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், இருக்கிறார்கள். வரையாடு, குறிஞ்சி, மலை ரயில், உங்கள் தோட்டத்துப் பூ என்று வேறு எவ்வளவோ இருக்கிறது.

கடைசியாக ஒரு பாதுகாப்பு விஷயம். நான் சொன்ன லேபிள் வினைல் பிவிசி என்ற பிளாஸ்டிக். அதை லேசரில் கொடுத்து வெட்டச் சொல்லாதீர்கள், சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நெஞ்சுக்கும் மெஷினுக்கும் கேடு. கிள்ளியெடுத்த வினைல் துணுக்குகளைக் குளிர்காயும் நெருப்பிலோ வெந்நீர் அடுப்பிலோ போடுவதும் அதே கேடுதான், நம் ஊரில் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். மேஜையில் ஒரு டப்பா வைத்து அதில் சேர்த்து, காகிதக் கழிவோடு கலக்காமல், உலர் குப்பையாகத் தனியே கொடுத்துவிடுங்கள். காகிதத் துணுக்கை மட்டும் அடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம், அதிலும் மினுமினுப்புத் தாள் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.